உரிமம் தேவையில்லாத படகு

வினோஜனுக்குப் படகோட்டும் ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. ஆசை அவன் மனைவி கஜந்தினிக்குத்தான். அதுவும் படகின் மேல் வந்த ஆசை அல்ல. நாலு பக்கமும் தண்ணீராக, நடுவில் புருஷன் மட்டும் இருக்கிற ஓர் இடம் அவளுக்கு வேண்டியிருந்தது.

அமீரகத்தில், முவைலாவில் அவர்கள் இருந்தது மூன்று குடும்பங்கள் பங்குபோட்ட ஃபிளாட். குசினிக்கு முறை, குளியலறைக்கு முறை, பல்கனிக் கொடிக்கு முறை. கஜந்தினி ஒரு கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பரிசோதிப்பவள். வினோஜன் ஒரு கட்டட நிறுவனத்தில் டாக்குமெண்ட் கன்ட்ரோலர். வருகிற காகிதத்துக்கு முத்திரை குத்தி, போகிற காகிதத்துக்கு எண் போட்டு, காகிதம் இல்லாமல் உலகத்தில் எதுவும் நடந்துவிடாதபடி காவல் காப்பவன்.

"உங்களோட ஒரு விசயம் கதைக்கோணும்" என்று அவள் பல வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும் "ஓம், கதைப்பம்" என்று சொல்லிவிட்டு ஃபோனைக் கையில் எடுப்பான். ஃபோன் கிடைக்காவிட்டால் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவான். விசயம் என்னவென்று அவனுக்கு அரைகுறையாகத் தெரியும். அவளுடைய ஃபோன் திரையில் 'தம்மாம்' என்ற அடுத்த நாட்டு ஊரின் பெயரையும் அங்குள்ள ஓர் ஆஸ்பத்திரியின் பெயரையும் ஒருநாள் பார்த்திருந்தான். பார்க்காதவன் மாதிரி இருந்துகொண்டான்.

அப்போதுதான் அந்த விளம்பரம் வந்தது. "மத்தியதரைக் கடல் தீவு விடுமுறை. விசா வேண்டாம், விமானம் வேண்டாம். நீங்களே ஓட்டும் படகு. உரிமம் தேவையில்லை!"

"இஞ்சை போவம்" என்றாள் கஜந்தினி. "வீட்டுக்குள்ளை கதைச்சா ஃபோனைத் தூக்குவியள். படகிலை இருந்து எங்கை ஓடுவியள் எண்டு பாப்பம்."

அந்தத் தீவின் பெயர் இங்கே வேண்டாம். அமீரகக் கரையோரம் கடலில் மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவு, நிலத்திலிருந்து பாலம் போட்டுப் போகலாம், அவ்வளவு போதும். பாலத்தைத் தாண்டியதும் சுவரெல்லாம் வெள்ளை, கதவெல்லாம் நீலம். தொட்டிகளில் ஒலிவ மரங்கள் ஒவ்வொன்றும் கழுத்தில் சொட்டுநீர்க் குழாயோடு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவர்போல் நின்றன. எலுமிச்சை மரத்தில் பழம் பிளாஸ்டிக். தேவாலய மணிக்கூண்டுக்குள் மொபைல் கோபுரம். வாசலில் நின்ற நேபாளத்துப் பெண்கள் கிரேக்கத்தில் வணக்கம் சொன்னார்கள். பதிலுக்கு யாரும் கிரேக்கத்தில் பேசிவிடக் கூடாதே என்ற பயம் அவர்கள் கண்ணில் இருந்தது.

படகுத்துறையில் படகுகள் இருந்தன, அது பொய்யில்லை. நீல நிறத்தில், சின்னதாக, வரிசையாக. எல்லாவற்றையும் ஒரே சங்கிலி கோத்திருந்தது. இராமநாதபுரத்துக் கார்மேகம் என்பவர் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"படகு எடுக்கலாமோ அண்ணை?"

கார்மேகம் துடைப்பதை நிறுத்தி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கு?"

"ஓட்ட."

"சார், நான் தெனமும் தொடைக்கிறேன். அதுதான் என் வேல. ஓட்டுறதெல்லாம் நான் பாத்ததில்ல. அந்தா தெரியுதுல்ல கட்டடம், அங்க கேளுங்க."

அந்தா தெரிந்த கட்டடத்தின் பெயர் 'கடல் மகிழ்ச்சி நிலையம்.' டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்களைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை. ஆனாலும் எண் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் இயந்திரம் நடுவில் இருந்த எண்களையும் முறையாகக் கூப்பிட்டது. வராத ஒவ்வொருவருக்கும் சற்று நேரம் கொடுத்து, வருத்தம் தெரிவித்து, அடுத்தவரைக் கூப்பிட்டது.

மேசைக்குப் பின்னால் இருந்தவள் சப்ரீனா, கண்டிப் பக்கத்துப் பிள்ளை. சிரித்த முகம். அந்தச் சிரிப்பு அவள் பேசும்போதும் பேசாதபோதும் ஒரே அளவில் இருந்தது.

"இந்தப் படகுக்கு லைசன்ஸ் தேவல்ல சேர்" என்றாள். "அதுதான் எங்கட ஸ்பெஷல்."

"நல்லது. அப்ப சாவியைத் தாங்கோ."

"உங்களுக்கு லைசன்ஸ் தேவல்ல எண்டு ஒரு சேர்ட்டிபிகேட் இரிக்கி. அத எடுத்திட்டு வரணும்."

"அதை என்னெண்டு எடுக்கிறது?"

"லைசன்ஸ் எடுக்க என்னவெல்லாம் செய்யணுமோ அவ்வளவும் செய்யணும் சேர். கடைசில லைசன்ஸ் மட்டும் தரமாட்டம்."

கஜந்தினி எழுந்து நின்றாள். "இது பகிடியோ?"

"இல்ல மேடம், இது மகிழ்ச்சி." சப்ரீனா ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்தாள். கண் பரிசோதனை வேண்டும். நீந்தத் தெரியும் என்ற உறுதிமொழி வேண்டும். நீந்தத் தெரியாவிட்டால், தெரியாது என்பதற்கு நீச்சல் பயிற்சியாளரின் கடிதம் வேண்டும். ஒரே படகில் ஆணும் பெண்ணும் உட்காருவதால் அத்தாட்சிப்படுத்திய திருமணப் பதிவு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ஊழியர் தண்ணீரில் மிதப்பதில் தங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று வேலை தருகிற கம்பெனி எழுதித் தர வேண்டும்.

"மேடத்துக்கு ஹஸ்பண்ட் ஆட்சேபனை இல்லையெண்டு எழுதினாப் போதும்" என்றாள் சப்ரீனா பரிவோடு. "லேடீஸுக்கு ஈஸி."

"எங்களுக்கு உது ஒண்டும் வேண்டாம். ஆரிட்டை முறைப்பாடு குடுக்கிறது?"

"இங்க கம்ப்ளெயின்ட் எடுக்கிறல்ல மேடம். மகிழ்ச்சி மட்டும்தான் எடுப்பம்." வாசலில் ஒரு பொத்தான் இருந்தது. சிரித்த முகம் போட்ட ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்தாமல் கதவு திறக்கவில்லை. கஜந்தினி அழுத்திய வேகத்தில் அது உள்ளே போய்த் திரும்பி வர மறுத்தது. நிலையம் அன்று முழுவதும் அளவில்லாத மகிழ்ச்சியைப் பதிவு செய்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் வேறொருவன் என்றால் விட்டுத்தள்ளியிருப்பான். வினோஜன் விடவில்லை. வழிகாட்டிப் புத்தகத்தைப் பிரித்தபோது அவன் முகத்தில் ஊருக்குப் போய் இறங்கியவனின் நிம்மதி தெரிந்தது. ஒரு படிவத்துக்கு அடுத்த படிவம், அதற்கு அடுத்த ஜன்னல். அங்கெல்லாம் மனைவி என்ன கேட்கப்போகிறாள் என்ற பயம் இல்லை.

"நீர் போய்க் கடற்கரையிலை இரும். நான் இதை முடிச்சுக்கொண்டு வாறன்" என்றான்.

"படகு வேண்டாமப்பா. உதிலை நிழலுக்குள்ளை இருந்து கதைப்பம்."

"இல்லையில்லை, நீர் ஆசைப்பட்டது. இவ்வளவு தூரம் வந்திட்டம்."

கம்பெனிக்கு ஃபோன் போட்டான். விசா, கடிதம் எல்லாம் பார்க்கிற முகம்மது ரிபாய் எடுத்தார். கீழக்கரைக்காரர், நல்ல மனிதர், ஆனால் பல வருடம் அந்த நாற்காலியில் இருந்ததால் யார் எதைக் கேட்டாலும் வேலையை விட்டு ஓடிப்போகிறவர்கள்தான் அவருக்கு ஞாபகம் வருவார்கள்.

"படகா? எதுக்குப்பா படகு? எந்தப் பக்கமா போறதா ப்ளான்?"

"எங்கையும் போகேல்லை பாய். கொஞ்ச நேரம் சுத்திப்போட்டு அதே இடத்துக்கு வாறது."

"அதே இடத்துக்கு வர்றதுக்கு எதுக்கு படகு? அங்கேயே நில்லேன்." ரிபாய் யோசித்தார். "கம்பெனி பேர்ல எழுதித் தர்றேன். ஆனா கரை கண்ணுல படுற தூரத்துலதான் மிதப்பேன்னு நீ எனக்கு எழுதித் தா. மொதலாளி கேட்டா நான் என்ன சொல்றது, ஆளு கடல்ல இருக்கான்னா?"

எழுதிக் கொடுத்தான். ஆட்சேபனை இல்லாத கடிதம் வந்தது. அதில் அவனுடைய பெயர், வேலை, தண்ணீரில் மிதக்கும் நோக்கம் எல்லாம் இருந்தன. நோக்கம் என்ற இடத்தில் ரிபாய் 'தெரியவில்லை' என்று போட்டிருந்தார்.

பிறகு மனைவிக்கு எதிரில் உட்கார்ந்து, மனைவி படகில் ஏறுவதில் தனக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதினான். அவள் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அவன் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு என்னிலை ஆட்சேபனை ஒண்டும் இல்லையோ?"

"இல்லை."

"ஒண்டுமே?"

"கையெழுத்து வைச்சாச்சு" என்றான் வினோஜன்.

மறுநாள் வகுப்பு. நடத்தியவர் உடையப்பன், முதன்மைத் தேர்வாளர். வெள்ளைச் சீருடை, தோளில் தங்கக் கயிறு, பையில் விசில். அந்தத் தீவில் உரிமம் உள்ள ஒரே மனிதர் தாம்தான் என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னார். மாணவன் ஒருவன்தான் என்றாலும் மைக்கில் பேசினார்.

"மத்தியதரைக் கடல் காற்றுகள்" என்று பலகையில் எழுதினார். "மிஸ்ட்ரல். சிரோக்கோ. லெவாந்தே. இதெல்லாம் தெரியாம கடல்ல கால் வைக்கக் கூடாது."

வெளியே ஷமால் அடித்துக்கொண்டிருந்தது. வளைகுடாவில் இருக்கிற எவனும் அந்தக் காற்றின் புழுதியைத் தின்றுதான் வேலைக்குப் போகிறான். ஜன்னல்கள் தடதடத்தன. ஒலிவ மரமொன்று தொட்டியோடு சாய்ந்து விழுந்தது.

"சேர், இப்ப அடிக்கிறது ஷமால். இதைப் பற்றியும் சொல்லுவியளோ?"

"சிலபஸ்ல இல்லை."

"ஆனா இஞ்சை அடிக்கிறது இதுதானே?"

உடையப்பன் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "மிஸ்டர், நீங்க இருக்கிறது மத்தியதரைக் கடல் தீவு. இங்க ஷமால் அடிக்காது. வெளியில அடிக்குதுன்னா அது காத்தோட தப்பு."

எழுத்துத் தேர்வில் 'இத்தீவில் அதிகம் வீசும் காற்று எது?' என்று ஒரு கேள்வி இருந்தது. பல்லில் மண் நறநறக்க, வினோஜன் 'சிரோக்கோ' என்று எழுதித் தேறினான்.

செய்முறைத் தேர்வு அதே மண்டபத்தில். தரையில் அலை படம் போட்ட நீலக் கம்பளம். அதன் நடுவே சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி. வினோஜன் கையில் ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்து, அதைச் சுக்கானாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் உடையப்பன்.

"படகிலையே செய்து பாக்கேலாதோ சேர்?"

"படகு எடுக்கணும்னா சான்றிதழ் வேணும். சான்றிதழுக்குத்தானே இந்தத் தேர்வு? கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க." அவர் நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளினார். "எதிர்ல கப்பல்! வலது பக்கம்! பெரிய அலை! இடது! டால்பின்! சிரிங்க!"

கஜந்தினி வாசலில் வந்து நின்றது அப்போதுதான். கையில் ஃபோன். முகம் வெளுத்திருந்தது. "இஞ்சை ஒருக்கா வாங்கோவன். அவசரம்."

வினோஜன் ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் 'பொறும்' என்று காட்டினான். ஒற்றைக் கையால் சுக்கான் பிடித்ததில் நாற்காலி திசைமாறி, கம்பளத்தைத் தாண்டிப் பளிங்குத் தரையில் ஓடி, சுவரில் முட்டி நின்றது. அவன் திரும்பிப் பார்த்தபோது வாசலில் அவள் இல்லை.

உடையப்பன் விசில் ஊதினார். "முடிஞ்சுது. நீங்க மூழ்கிட்டீங்க."

"திரும்பவும் செய்யலாம்தானே?"

"மூழ்கினவர் எப்படிங்க மறுதேர்வுக்கு விண்ணப்பிப்பார்?" அவர் கணினியில் பதிந்தார். "சிஸ்டத்துல நீங்க இறந்தாச்சு. இனி என் கையில இல்லை. டைரக்டர் உங்களை உயிரோட இருக்கீங்கன்னு அங்கீகரிச்சாத்தான் உண்டு. நேர்ல போங்க. நேர்ல போனா அவர் நம்புறதுக்கு வாய்ப்பிருக்கு."

டைரக்டர் வெங்கட்ராமனின் அறை மணிக்கூண்டுக்குக் கீழே இருந்தது. சென்னைக்காரர். சுவரெங்கும் விருதுகள். அவர் வினோஜனை உட்காரச் சொல்லவில்லை. கோப்பின்படி இறந்தவரை உட்காரச் சொல்வது முறையா என்று அவருக்கு நிச்சயமில்லை.

"கோச்சுக்காதீங்க. உலகத்துல எந்தக் கடற்கரைக்குப் போனாலும் படகு கவிழுது. இங்க ஒண்ணு கவிழ்ந்திருக்கா? தீவு திறந்ததுலேர்ந்து விபத்து ஜீரோ. பேப்பர்லயெல்லாம் போட்டான்."

"நல்ல விசயம் சேர். இதுவரைக்கும் எத்தினை பேர் படகு எடுத்தவை?"

"அதைத்தானே சொல்றேன்? ஒருத்தரும் எடுக்கலை. ஒருத்தர்கூட செய்முறைத் தேர்வைத் தாண்டலை. அவ்ளோ ஸ்டிராங்கா வச்சிருக்கோம்." வெங்கட்ராமன் குரலைத் தாழ்த்தினார். "இதுக்குப் பின்னால ஒரு வலி இருக்கு சார். எங்க முதலாளி முன்னே நிஜமான மத்தியதரைக் கடல் தீவு ஒண்ணுக்கு ஹாலிடே போனார். படகு வாடகைக்குக் கேட்டார். கடைக்காரன் என்ன பண்ணினான் தெரியுமா? சின்னப் படகுக்கு லைசன்ஸ் வேண்டாம், இந்தா சாவி, சாயங்காலத்துக்குள்ள வந்துடுன்னுட்டான். நீ யாருன்னு கேக்கலை. உன் பதவி என்னன்னு கேக்கலை. ஒரு கையெழுத்து வாங்கலை. அவர் மனசு உடைஞ்சு போயிட்டார். இப்படி ஒரு அவமானம் இன்னொரு மனுஷனுக்கு நடக்கக் கூடாதுன்னுதான் இந்தத் தீவையே கட்டினார்."

"அப்ப விளம்பரத்திலை ஏன் உரிமம் தேவையில்லை எண்டு போட்டிருக்கிறியள்?"

"தேவையில்லைதானே? யாரு தேவைன்னா? ஆனா தேவையில்லைங்கிறது சும்மா கிடைச்சுடற தகுதியா? அதுக்கு ஒரு அருகதை வேணாமா? ரூல்ஸ் படகுக்காக இல்லை சார். படகுதான் ரூல்ஸுக்காக. நாலு படகு கண்ணுக்குத் தெரியலைன்னா, இங்க ரூல்ஸ் இருக்கறதே ஜனங்களுக்குத் தெரியாம போயிடும்."

இதைச் சொல்லிவிட்டுத் தம்முடைய பேச்சில் தாமே நெகிழ்ந்து, சுவரிலிருந்த விருது ஒன்றை நேராக்கி வைத்தார். வினோஜனுக்கு முதல் தடவையாகத் தன்னுடைய சொந்த மேசை ஞாபகம் வந்தது. முத்திரையும் மையும் வைத்த மேசை. சைட்டில் வேலை நின்றாலும் பரவாயில்லை, எண் இல்லாத காகிதம் போகக் கூடாது என்று எத்தனை மேஸ்திரிமாரைத் திருப்பி அனுப்பியிருக்கிறான்.

"ஆனா உங்களுக்கு அதிர்ஷ்டம்" என்றார் வெங்கட்ராமன். "நாளைக்கு விருதுக் குழு வர்றாங்க, கடல்சார் மகிழ்ச்சிக்கு. படகுல ஒரு வாடிக்கையாளரையாவது பாக்கணுமாம். அதனால உங்களை உயிர்ப்பிச்சுடறேன். ஒரே ஒரு நிபந்தனை. உடையப்பன் கண்காணிப்பாளரா படகுல கூட வருவார்."

கஜந்தினியிடம் போய்ச் சொன்னான். அவள் விடுதி அறையில், கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "கிடைச்சிட்டுது" என்றான்.

"என்னது?"

"சான்றிதழ்."

அவள் திரும்பவில்லை.

அடுத்த நாள் காற்று நின்றிருந்தது. கார்மேகம் சங்கிலியைத் திறக்கப் போனார். பூட்டு ஒருநாளும் திறக்கப்படாததால் துருப்பிடித்துக் கட்டியாகியிருந்தது. அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகள் மாட்டினார்கள். கஜந்தினி முன்னால், வினோஜன் பின்னால் சுக்கானில், நடுவில் இரண்டு பேரையும் ஒருவருக்கொருவர் தெரியாதபடி மறைத்துக்கொண்டு உடையப்பன். அவர் பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"படகிலை ஏறிப் பழக்கமில்லையோ சேர்?"

"நான் தேர்வாளர். தேர்வாளர் படகுல ஏறணும்னு எங்கயும் எழுதலை."

"அப்ப உங்கடை உரிமம்?"

"நான்தானே இங்க தேர்வு வைக்கிறது? எனக்கு நானே வச்சுக்கிட்டேன். ரொம்பக் கடுமையா வச்சேன்."

இயந்திரத்தின் வேகத்தைப் பாதுகாப்புக்காகக் குறைத்து வைத்திருந்தார்கள். கரையோரம் தட்டில் பழச்சாறு ஏந்திப்போன பரிசாரகர் ஒருவர் அவர்களைத் தாண்டிப் போனார். கரையில் பந்தலின் கீழே விருதுக் குழு உட்கார்ந்து கைதட்டியது. வெங்கட்ராமன் ஒலிபெருக்கியில் சிரோக்கோ காற்றின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கரை சற்றுத் தள்ளிப்போனதும் கஜந்தினி திரும்பினாள். உடையப்பனுடைய தோளுக்கு மேலால் புருஷனைப் பார்த்தாள். "நான் சொல்ல வந்த விசயம் என்னெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

விசில் ஊதியது. "மேடம், படகில் தம்பதியர் கருத்து வேறுபாடு கொள்ளக் கூடாது. சமநிலை கெடும்."

"நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

"வரப்போற மாதிரி தெரியுது. முன்கூட்டியே தடுக்கிறதுதான் என் கடமை."

"நீங்கள் சும்மா இருக்கிறியளோ, ஐயா?" என்று அவரிடம் சொல்லிவிட்டு, கணவனைப் பார்த்தாள். "சொல்லுங்கோ. தெரியுமோ, தெரியாதோ?"

வினோஜன் உடையப்பனைப் பார்த்தான். விசிலைப் பார்த்தான். "கரைக்குப் போய்க் கதைப்பமே" என்றான்.

அவள் முகத்தில் இருந்த கோபம் அணைந்து போனது. அணைந்த இடத்தில் வந்தது அதைவிட மோசமாக இருந்தது.

அப்போது படகின் அடியில் கரகரவென்று சத்தம். படகு நின்றது.

"தரைதட்டிட்டோம்!" உடையப்பனின் குரல் கீச்சிட்டது. "அவசர நிலை! யாரும் அசையக் கூடாது. உரிமம் உள்ளவர் வேற படகுல வந்து மீட்கணும்."

"உரிமம் உள்ள ஆள் நீங்கள் ஒராள்தானே?"

உடையப்பன் அந்தக் கேள்வியைப் பல திசையிலிருந்தும் யோசித்தார். "ஆமா" என்றார்.

கஜந்தினி எழுந்தாள். மிதவைச் சட்டையைக் கழற்றி இருக்கையில் வைத்தாள். செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பக்கவாட்டால் காலைப் போட்டுக் கடலுக்குள் இறங்கினாள்.

"மூழ்கிட்டாங்க! மேடம் மூழ்கிட்டாங்க!" உடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு விசிலை ஊது ஊதென்று ஊதினார்.

மேடம் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாள். தீவைக் கட்டும்போது கொட்டிய மண் அந்தப் பக்கமெல்லாம் பரவிக் கிடந்தது. அவள் கரையைப் பார்த்து நடக்கவில்லை. தீவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திறந்த கடலின் பக்கமாக மணல்திட்டு வழியே போனாள்.

வினோஜனின் கை இன்னமும் சுக்கானில் இருந்தது. சான்றிதழ் பெற்றவர் படகை விட்டு இறங்கலாகாது என்பது விதி. அவனுக்கு அது மனப்பாடம். அவள் தூரப் போய்க்கொண்டிருந்தாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனைக் கூப்பிடுவதை அவள் விட்டுவிட்டாள் என்பது சட்டென்று அவனுக்கு உறைத்தது.

காற்சட்டையோடு, சப்பாத்தோடு, சட்டைப்பையில் இருந்த ஃபோனோடு அப்படியே கடலுக்குள் குதித்தான். குதிக்குமளவுக்கு ஆழம் இல்லாததால் குப்புற விழுந்தான். எழும்பி, தண்ணீர் வழிய வழிய ஓடினான்.

"கஜந்தினி! நில்லும்!"

அவள் நின்றாள். ஆனால் திரும்பவில்லை.

"தம்மாம் வேலைதானே?" மூச்சு வாங்கியது அவனுக்கு. "எனக்குத் தெரியும். அண்டைக்கே தெரியும். கேட்டா நீர் போறன் எண்டு சொல்லிப்போடுவீர் எண்டு பயந்துதான் கேக்கேல்லை."

"நல்ல விசயம். இப்பவாவது சொன்னியள்."

"எப்ப பதில் குடுக்கோணும்?"

"நேற்று."

அவனுக்கு வாசலில் நின்ற முகம் ஞாபகம் வந்தது. தட்டும் நாற்காலியும் ஞாபகம் வந்தன.

"தம்மாம் ஆஸ்பத்திரிக்காரர் ஃபோனிலை நிண்டவை" என்றாள் கஜந்தினி. "ஓமோ இல்லையோ, இப்பவே சொல்லச் சொல்லிச்சினம். உங்களைக் கேப்பம் எண்டு ஓடி வந்தன். நீங்கள் டால்பினுக்குச் சிரிச்சுக்கொண்டு இருந்தியள்." அவள் இப்போது திரும்பினாள். அழவில்லை. "ஓமெண்டு சொல்லிப்போட்டன். ரெண்டு வருசம்."

கரையிலிருந்து ஒலிபெருக்கி கத்தியது. "தயவுசெய்து நகராதீர்கள்! நீங்கள் ஆழ்கடலில் இருக்கிறீர்கள்!" அவர்களுடைய முழங்காலைச் சுற்றிச் சின்ன மீன்கள் ஓடின.

'போகாதையும்' என்று சொல்ல வினோஜனுக்கு வாய் வந்தது. சொல்லியிருக்க வேண்டிய நாள் போய்விட்டது என்று அவனுக்கே தெரிந்தது. "நானும் அங்கை வேலை தேடிக்கொண்டு வாறன்" என்றான்.

"சொல்லாதேங்கோ. வாங்கோ" என்றாள் அவள். பிறகு, "பாப்பம்" என்றாள். கையை நீட்டினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் நடந்தபோது அவனுக்கும் இடம் விட்டு, மெல்லமாக நடந்தாள். அந்தத் திட்டில் வெயில் ஏறும்வரை நடந்தார்கள். வாடகை, ஹொஸ்டல், யாழ்ப்பாணத்தில் இருக்கிற அவளுடைய அம்மா, குழந்தை இல்லாதது, எல்லாவற்றையும் கதைத்தார்கள். சில இடங்களில் நின்று சண்டையும் பிடித்தார்கள். சமநிலை கெடவில்லை.

கரைக்கு வந்து சேர்ந்தபோது விருதுக் குழு எழுந்து நின்று கைதட்டியது. கடலில் தம்பதியர் நடந்து வருவது நிகழ்ச்சியின் சிகரம் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். குழுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விருது அங்கேயே கொடுக்கப்பட்டது. வெங்கட்ராமன் அதை வாங்கிய கையோடு வினோஜனிடம் ஓடி வந்தார்.

"பிரமாதம் சார்! இப்படி ஒரு வாய்ப்பு நம்ம கடல்ல இருக்கறதே தெரியாம போச்சே. உடனே தடை பண்ணிட்டேன். இனிமே அனுமதி இல்லாம யாரும் தண்ணில காலை வைக்க முடியாது. 'கடல் நடை உரிமம்.' எழுத்துத் தேர்வு, கம்பளத்துல செய்முறை, எல்லாம் உண்டு. நீங்கதான் முதல் ஆள். பழைய தேதி போட்டு விண்ணப்பம் ஒண்ணு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா, நீங்க நடந்தது சட்டப்படி சரியாயிடும்." பேனாவை நீட்டினார்.

ஆயுளில் நீட்டிய பேனாவை வினோஜன் ஒருநாளும் மறுத்ததில்லை. அன்று அதை வாங்கவில்லை. ஏன் என்று விளக்கவுமில்லை. ஈரச் சப்பாத்து சளக் சளக்கென்று சத்தம் போட, அவரைச் சுற்றிக்கொண்டு போனான்.

பின்னேரமே பெட்டியைக் கட்டிப் புறப்பட்டார்கள். அடுத்த மாதம் கஜந்தினி தம்மாம் போனாள். வினோஜன் கோடை முழுக்க அலைந்து, அங்கே ஒரு கம்பெனியில் முன்னதைவிடக் குறைந்த வேலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று டாக்சி பாலத்தில் ஏறியபோது, கஜந்தினி கண்ணாடியை இறக்கச் சொன்னாள். கீழே, நடுக் கடலில், நீலப் படகு நின்ற இடத்திலேயே நின்றது. ஆரஞ்சுச் சட்டையோடு உடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படகில் போய் மீட்க உரிமம் உள்ளவர் அவர் ஒருவர்தான். நடந்து போய்க் கூட்டிவரலாம் என்றால், காலையிலிருந்து அது தடை. அவரே இறங்கி நடக்கலாம் என்றால், அந்த உரிமத்துக்கு இன்னும் யாரும் தேர்வு வைக்கவில்லை. வைக்க வேண்டியவரும் அவர்தான். கரையில் கார்மேகம் மிச்சப் படகுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கஜந்தினி கையை வெளியே நீட்டி உடையப்பனுக்கு அசைத்துக் காட்டினாள்.

உடையப்பன் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்து, தாமும் காட்டுவதற்காகக் கையைத் தோள்வரை தூக்கினார். படகிலிருந்து கையை உயர்த்தினால் அது ஆபத்துச் சைகை. ஆபத்தில் இருப்பதற்கு யாரும் இன்னும் அனுமதி தந்திருக்கவில்லை. அவர் கையை மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.